பத்துத் துளைகள்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ். தகரக் கூரையில்
காலையிலிருந்து மழை.
மேசையில் நாற்பத்தோராம் மாதிரி:
பாதிக் கோழிமுட்டை அளவில் ஒரு கிண்ணம்,
ஐந்து புள்ளி எட்டு கிராம் தூள்,
அலுமினியத் தாளில் ஒரு மூடி.
வடிவமைப்புக் குறிப்பின் முதல் வரி
நான் எழுதியதல்ல:
ஒரு நபர். ஒரு கப். ஒரே முறை.

என் சண்டையெல்லாம் சிக்கரியோடு.
இத்தாலிக்காரனுக்கு இந்தத் தலைவலி கிடையாது.
வெந்நீர் பட்டதும் ஊதிக் குழைந்து
வடிதாளின் கண்களை அடைத்துக்கொள்ளும்.
பதினோராம் மாதிரி வெடித்தே விட்டது.
சென்னகேசவரின் வெள்ளைச் சட்டையில்
பெயரில்லாத ஒரு தீவு இன்னும் இருக்கிறது.
அச்சு கடைபவர் அவர். ஒவ்வொரு தோல்விக்கும்
விளிம்பில் ஒரு மயிரிழை தேய்த்து வந்து
"இன்னொந்து சல நோடோணா" என்பார்,
இன்னொரு தடவை பார்க்கலாமே என்று.
நாற்பது தடவை சொல்லியாயிற்று.

முப்பது வீடுகளுக்கு இயந்திரம் கொடுத்தோம்,
வீட்டுக்கு அறுபது கிண்ணம்.
தீர்ந்ததை மாதக் கடைசியில்
பையில் போட்டுத் தர வேண்டும்.
பைகளைப் பிரிப்பது என் வேலை.
புளித்த வாடை, சிலதில் பச்சைப் பூசணம்.
ஆறாம் எண் வீட்டில் எல்லாவற்றையும்
தேய்த்துக் கழுவிக் காயவைத்து அனுப்பியிருந்தார்கள்,
எனக்கு அளக்க ஒரு துகள்கூட மிச்சமில்லை.
இருபத்திரண்டாம் வீட்டில் ஒன்றையும் தொடவில்லை.

பதினேழாம் வீடு.
மூடியில் பத்துத் துளைகள்.

இயந்திரத்துக்கு ஐந்தே ஊசி.
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்:
முதல் ஐந்துக்குச் சற்றே தள்ளி
இன்னோர் ஐந்து,
எடுத்துத் திரும்ப வைத்த கை
கொஞ்சம் திருகி வைத்திருக்கிறது.
எல்லா மூடியிலும் அப்படியே.
திரும்பி வந்தவை முப்பது.
மீதி முப்பது வரவில்லை.
படிவத்தில், வீட்டில் இருப்போர்: இரண்டு.

சுப்ரதோ அதைக் கணினியில் ஏற்றினான்:
தவறான பயன்பாடு.
பிறகு மெல்ல, நல்ல யோசனை சொல்பவனாக,
மூடியைப் பத்து மைக்ரான் மெலிசாக்கினால்
இரண்டாம் குத்தில் கிழிந்துவிடுமே என்றான்.
கிழியும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அன்று எல்லோரும் போன பின்
ஒரே கிண்ணத்தை இரண்டு முறை ஓட்டினேன்.
முதல் கப் சரியான கறுப்பு.
இரண்டாவது வைக்கோல் நிறம்,
காபி என்று எங்கோ கேள்விப்பட்ட வெந்நீர்.
அதைத்தான் முழுவதும் குடித்தேன்.
பதினேழாம் வீட்டில் இது யார் பங்கு?
தினமும் ஒருவருக்கேவா, முறை வைத்தா?
இல்லை, இரண்டையும் ஒரே பாத்திரத்தில் விட்டு
ஆற்றிப் பிரித்துக்கொள்வார்களா?
துளைகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும்
அது தெரியவில்லை.

மறுநாள் எதிர் தர்ஷினியில்
சென்னகேசவர் கையை உயர்த்தி
"ஒந்து காபி, பை டூ" என்றார்.
பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
இரண்டு தம்ளரில் ஊற்றி நகர்த்தினான்.
எந்தக் கணினியிலும் யாரும்
எதையும் ஏற்றவில்லை.
நின்றபடியே குடித்தோம்,
லாரித் தண்ணீர் தெறிக்காமல் ஒதுங்கி.

நாற்பத்திரண்டாம் மாதிரியில்
மூடியின் கனத்தை நான் தொடவில்லை.
விளிம்பில் மட்டும் ஒரு சின்ன வெட்டு.
இயந்திரத்தின் பிடியில் உள்ள மேட்டில்
அது வந்து உட்காரும்.
எத்தனை முறை எடுத்து வைத்தாலும்
அதே கோணம்,
அதே ஐந்து இடத்தில் அதே ஐந்து ஊசி.
இனி யார் எண்ணினாலும் ஐந்துதான்.
காரணம் என்ற கட்டத்தில்
'பொருத்தும் வசதிக்கு' என்று எழுதினேன்.
பொய்யில்லை.

சென்னகேசவர் வரைபடத்தை
வெளிச்சத்தில் பிடித்தார்.
வெட்டின்மேல் நகத்தை ஓட்டினார்.
எதற்கு என்று கேட்கவில்லை.
தீவுச் சட்டையின் பையில் மடித்து வைத்துக்கொண்டு
கதவருகே போய்த் திரும்பி,
"இன்னொந்து சல" என்றார்.
இந்த முறை அதோடு நிறுத்திக்கொண்டார்.